ஹார்ட் மேப்பிள்: வைரத்தைத் தள்ளிவிட்டு வெள்ளைக்கு விலை கொடுப்பது சரியா?

மரக்கறி | ஸ்கார்பரோ | ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். நேற்று ஊருக்கு வடக்கே ஒரு மரக்காலைக்குப் போய் ஹார்ட் மேப்பிள் (இங்கே கிடைக்கும் கடின வகை மேப்பிள் மரம்) பலகை ஆறு வாங்கி வந்தேன். 8/4 தடிப்பு, அதாவது 2 அங்குலம். மனதில் இரண்டு வேலை இருக்கிறது. குசினிக்கு ஒரு மேசைத்தட்டும் வெட்டுப்பலகையும். பின்வளவில் பிள்ளைகளுக்கு ஒரு ஊஞ்சல்.

பிரச்சினை என் மாமா. மனைவியின் அப்பா. வவுனியாவில் நாற்பது வருடம் தச்சுவேலை செய்தவர், இப்போது எங்களோடு இருக்கிறார். கராஜுக்குள் வந்து பலகையைத் தூக்கிப் பார்த்தார். "பாரம் இருக்கு" என்றார். முட்டியால் தட்டினார், தலைமாட்டுப் பக்கத்தை, அதாவது குறுக்கே அறுத்த முனையை, திருப்பிப் பார்த்தார், நகத்தால் கீறினார். பிறகு, "மருமகன், இதில வைரமே இல்லையே. முழுக்க வெள்ளை. முதிரையில இப்பிடி வந்தா நாங்கள் அடுப்புக்குத்தான் விடுவம்" என்றார்.

அவருக்குச் சொல்லாத ஒன்றையும் இங்கே சொல்கிறேன். நடுவில் கபில நிறம், அதாவது மரத்தின் உள்வைரம், ஓடிய பலகைகளைக் கடைக்காரர் மலிவாகத் தருகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்று, கூடக் காசு கொடுத்துச் சுத்த வெள்ளையாகப் பொறுக்கினேன். அந்த நிறத்துக்காகத்தான் மேப்பிளையே வாங்கினேன். ஏமாந்துவிட்டேனா?


கொத்தனார்_இல்லை | மிசிசாகா

மாமா சொன்னால் கேளும். ஊஞ்சல் சரிவராவிட்டாலும் பொங்கலுக்கு விறகு இருக்கும்.


பட்டறைப்பையன் | ஒட்டாவா

மரக்கறி அண்ணா, ஏமாறவில்லை. மாமா சொன்னதிலும் தப்பில்லை. அவர் கைபட்ட மரங்களுக்கு அது சரியான கணக்கு.

தேக்கு, வேங்கை, முதிரை, பாலை எல்லாவற்றிலும் நாம் தேடுவது நடுவைரம். மரத்துக்கு வயது ஏற ஏற உள்பக்கம் சாறு கடத்துவதை நிறுத்திவிடும். அங்கே எண்ணெயும் பிசினும் கசப்பும் போய்ச் சேரும். அதனால்தான் கறையானும் பூஞ்சையும் வைரத்தைத் தொடாது. வெளிச்சுற்றில் இருக்கும் வெள்ளை, சாறு ஓடுகிற பகுதி. சர்க்கரையும் மாவும் அதில்தான் இருக்கிறது, பூச்சிக்கு விருந்து. அதனால் நம் ஆசாரிகள் வெள்ளையைச் செதுக்கி எறிந்தார்கள்.

மேப்பிளில் கதை தலைகீழ். வெளிச்சுற்று வெள்ளையே 3 முதல் 5 அங்குலம் வரை, சில மரத்தில் அதற்கு மேலும் இருக்கும். நடுவில் கபில வைரம் கொஞ்சம்தான், அதுவும் ஒரு சீராக இருக்காது, தேநீர் சிந்திய மாதிரி திட்டுத்திட்டாக ஓடும். பலத்தில் இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது. முக்கியமாக, அந்த வைரத்தில் தேக்கில் இருப்பது போன்ற காப்பு இல்லை. மழையில் போட்டால் வெள்ளையும் மக்கும், வைரமும் மக்கும். ஆக, மேப்பிளில் வைரம் என்பது வெறும் நிறம். அந்த நிறம் வேண்டாதவர்கள் அதிகம், அதனால் விலை குறைவு. அமெரிக்க மரத் தரப்பிரிப்பில் 'நம்பர் 1 வைட்' என்று தனியாகவே உண்டு. இரண்டு முகமும் இரண்டு விளிம்பும் முழு வெள்ளையாக இருக்க வேண்டும். உங்கள் பலகை அந்தச் சாதி போலிருக்கிறது.

ஆனால் ஒன்று. ஊஞ்சல் என்றீர்களே, வெளியிலா? அதைப் பற்றி வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.


கோவை_ரம்பம் | கோயம்புத்தூர்

இங்கே மரவாடிகளில் மேப்பிள் அபூர்வம், இறக்குமதிச் சரக்குதான். ஒரு இன்டீரியர் வேலைக்காக ஒரே ஒரு முறை கையாண்டிருக்கிறேன். எனக்கு ஒரு கேள்வி. இது தேக்கைவிடக் கடினம் என்கிறார்கள். கடினமான மரம் எப்படி மக்கும்? கருங்காலி மக்குமா?


பட்டறைப்பையன் | ஒட்டாவா

நல்ல கேள்வி. கடினமும் நீடித்து உழைப்பதும் வேறு வேறு.

கடினத்தை ஜாங்கா சோதனையில் அளப்பார்கள். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை, பாதி உள்ளே போகும்வரை மரத்தில் அழுத்த எவ்வளவு பலம் வேண்டும் என்பதுதான் கணக்கு. ஹார்ட் மேப்பிளுக்கு 1,450 பவுண்டு. சிவப்பு ஓக்குக்கு 1,290, வால்நட்டுக்கு 1,010. தேக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். தேக்கில் நகம் பதியும், மேப்பிளில் பதியாது. மரக்கறி அண்ணா, உங்கள் மாமா கீறிப் பார்த்தாரே, கோடு விழுந்ததா?

ஆனால் பூஞ்சைக்குக் கடினம் ஒரு பொருட்டே இல்லை. ஈரமும் தீனியும் இருக்கிறதா, விஷம் இல்லையா என்றுதான் அது பார்க்கும். மேப்பிளில் விஷம் இல்லை. கருங்காலியில் உண்டு, அதனால் தப்பிக்கிறது. கோவையில் மேப்பிளைத் தரையில் போட்டு வைத்தால் கறையான் உங்களுக்குக் கோவில் கட்டும்.


மரக்கறி | ஸ்கார்பரோ

கோடு விழவில்லை. மாமா அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.


கிச்சனர்_வாசி | கிச்சனர்

ஊஞ்சல் விஷயத்தில் நான் அனுபவஸ்தன், அனுபவம் என்று சொல்ல வெட்கமாக இருந்தாலும். ஐந்து வருடத்துக்கு முன் பின்வாசலில் மேப்பிளில் ஒரு பெஞ்ச் செய்தேன். மீந்த மரம், சும்மா கிடக்கிறதே என்று. மேலே வெளிப்பூச்சு வார்னிஷ் மூன்று கை கொடுத்தேன். முதல் வருடம் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டாவது கோடையில் கால் சேருமிடத்தில் எல்லாம் கருந்திட்டு. வார்னிஷ் எங்கோ மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது, தண்ணீர் உள்ளே போனது, வெளியே வர வழியில்லை. மூன்றாவது வசந்தத்தில் பனி உருகியதும், சும்மா பார்ப்போம் என்று ஸ்க்ரூடிரைவரைக் காலில் குத்தினேன். பழைய கேக்கில் போவது மாதிரி பிடிவரை போனது. அதன்மேல் என் அம்மா தினமும் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஊஞ்சலுக்கு வெள்ளை ஓக் வாங்குங்கள். அதன் வைரத்தில் துளைகளெல்லாம் அடைபட்டிருக்கும், தண்ணீர் ஏறாது, விஸ்கிப் பீப்பாயே அதில்தான் செய்கிறார்கள். சிவப்பு ஓக் அல்ல, அதில் துளை திறந்திருக்கும். சிறு துண்டின் ஒரு முனையைச் சோப்புத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி வரும்.


ஓடாவி_மகன் | மார்க்கம்

இந்த வைரப் பேச்சில் ஒரு சின்னக் குறுக்கீடு. எங்கள் அப்பா பருத்தித்துறைப் பக்கம் ஓடாவி. பனைக்கு வைரம் வெளியே, உள்ளே சோறு. கூரைக்குச் சிலாகை கிழிக்கும்போது நடுவைத்தான் எறிவார்கள். ஆக, வைரம் உள்ளேதான் இருக்க வேண்டும் என்று ஊரிலும் சட்டமில்லை. மாமாவுக்குப் பனையை நினைவுபடுத்துங்கள், சமாதானமாகிவிடுவார்.


தரைவேலை_மணி | பிராம்ப்டன்

பதினோரு வருடமாகத் தரை போடுகிறேன். மேப்பிளைப் பற்றி என்னைக் கேட்டால் முதலில் சொல்வது அழகோ கடினமோ இல்லை. அது உப்பும், சுருங்கும். இதை மறந்தவர்களுக்குத்தான் நான் இரண்டாம் முறை போய் வேலை செய்கிறேன்.

பள்ளிக்கூட ஜிம் தரை பெரும்பாலும் ஹார்ட் மேப்பிள்தான். என்பிஏ கூடைப்பந்துத் தரைகளும் அப்படித்தான், பாஸ்டன் அணியின் பார்க்கே (துண்டுப்பலகை) தரை மட்டும் சிவப்பு ஓக். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் மரத் தட்டுப்பாடு, கிடைத்த துண்டு ஓக்கை வைத்துப் போட்டார்கள், பிறகு அதுவே பெருமையாகிவிட்டது. மேப்பிளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் துளை மிக நுண்ணியது, சிராய் எழாது. வழுக்கி விழுகிற பையனின் தொடையில் ஓக் ஏறும், மேப்பிள் ஏறாது. வெளிர் நிறம், பந்தும் கோடும் பளிச்சென்று தெரியும். தேய்ந்தாலும் குழி விழாமல் சமமாகத் தேயும், மறுபடி இழைத்துப் பூசலாம்.

அடுத்த முறை ஜிம்முக்குப் போனால் சுவரோரம் பாருங்கள். கறுப்பு ரப்பர் விளிம்பு ஒன்று ஓடும். அதற்குப் பின்னால் 2 அங்குலம் காலி இடம் விட்டிருப்போம். கோடையில் தரை உப்பி அந்த இடத்துக்குள் வரும். இடம் விடாவிட்டால் நடுவில் கூரை மாதிரி எழும்பும், பார்த்திருக்கிறேன்.

மேசைத்தட்டுக்குக் கணக்கு சொல்கிறேன். 24 அங்குல அகலம், சாதாரணமாக அறுத்த பலகை. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது மரத்தின் ஈரம் 6 சதவீதத்துக்கு இறங்கும், ஆகஸ்டில் 10க்குப் போகும். இந்த 4 சதவீதத்துக்கே தட்டின் அகலம் 8 மில்லிமீட்டருக்கு மேல் மாறும். நீளம் மாறாது. ஆகவே தட்டைக் கீழே சட்டத்தோடு பசையால் ஒட்டிவிடாதீர்கள், நாலு பக்கமும் திருகாணியால் இறுக்கியும் விடாதீர்கள். சட்டத்தில் நீள்துளை போட்டு அதில் திருகாணி விடுங்கள். இல்லையென்றால் ஜனவரியில் ஒரு நாள் இரவு பட்டாசு மாதிரிச் சத்தம் கேட்கும்.


மரக்கறி | ஸ்கார்பரோ

மணி அண்ணை, மிக்க நன்றி. நான் நாலு பக்கமும் ஒட்டி, திருகாணியும் போட்டு, "அசையாது" என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பலகையை எப்போது வெட்டத் தொடங்கலாம்?


தரைவேலை_மணி | பிராம்ப்டன்

வீட்டுக்குள் கொண்டுபோய், இடையில் குச்சி வைத்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். கராஜில் வேண்டாம். ஒரு ஈரமானி வாங்கிக்கொள்ளுங்கள், வாசிப்பு இறங்குவது நின்றால் வெட்டலாம்.


சுருதிப்பெட்டி | சென்னை

நான் தச்சன் இல்லை, வயலின் வாசிப்பவள். இந்த இழையைப் படித்துவிட்டு வாத்தியத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பலகையில் புலிவரி மாதிரி குறுக்குக் கோடு, சாய்த்தால் வெளிச்சம் நகர்கிறது. இது நீங்கள் பேசும் அதே மரமா?


பட்டறைப்பையன் | ஒட்டாவா

அக்கா, சொந்தக்காரன். வயலினுக்குப் போவது ஐரோப்பிய மேப்பிள், ஹார்ட் மேப்பிளைவிடச் சற்று இலேசு. ஸ்ட்ராடிவாரி பயன்படுத்தியதும் அந்தப் பக்கத்து மரம்தான். அந்த வரி, நார் நேராக ஓடாமல் அலையலையாக ஓடுவதால் வருவது. பூச்சு இல்லை, சாயமும் இல்லை, அலையில் வெளிச்சம் பட்டுத் திரும்புகிறது. எங்கள் மேப்பிளிலும் அந்த வரி வரும். இன்னொரு வகையில் சின்னச் சின்னச் சுழிகளாக வரும், பறவைக்கண் என்று பெயர். அறுத்துப் பார்க்கும்வரை உள்ளே இருப்பது நிச்சயமாகத் தெரியாது, அதனால் விலை லாட்டரி மாதிரி.

ஹார்ட் மேப்பிள் தன் சொந்தப் பெயரில் இசைக்குள் வருவது பியானோவில். ஸ்டெயின்வே பியானோவின் வளைந்த வெளிச்சுற்று, மெல்லிய மேப்பிள் பட்டைகளை அடுக்கி ஒட்டி ஒரே மூச்சில் வளைத்தது. சுருதி ஆணிகள் இறங்கும் கட்டையும் மேப்பிள்தான். இருநூற்றுக்கு மேற்பட்ட ஆணிகள், பின்னால் நட்டு எதுவும் கிடையாது. மரம் இறுக்கிப் பிடிக்கிற பிடியில்தான் அத்தனை கம்பியும் சுருதியில் நிற்கிறது. ஃபெண்டர் கிட்டாரின் கழுத்தும் இதுவே. ஸ்கேட்போர்டில் ஏழு அடுக்கு.


கொத்தனார்_இல்லை | மிசிசாகா

மரப்பலகையில் இறைச்சி வெட்டினால் கிருமி தங்கும், பிளாஸ்டிக் வாங்குங்கள் என்று என் மனைவி சொல்கிறார். இதற்கும் யாராவது பதில் சொன்னால் எங்கள் வீட்டில் சமாதானம் வரும்.


கோவை_ரம்பம் | கோயம்புத்தூர்

அண்ணி சொல்வது சரிதானே. பிளாஸ்டிக்கைச் சுடுதண்ணீரில் கழுவலாம்.


பட்டறைப்பையன் | ஒட்டாவா

புது பிளாஸ்டிக் என்றால் சரி. கத்திக்கோடு விழுந்த பழைய பிளாஸ்டிக்கில் கிருமி கோட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். டீன் கிளைவர் என்ற நுண்ணுயிர் ஆய்வாளர் முதலில் விஸ்கான்சினிலும் பிறகு கலிபோர்னியா டேவிஸிலும் இதைச் சோதித்தார். மரப்பலகையையும் பிளாஸ்டிக் அளவுக்குப் பாதுகாப்பாக்க வழி தேடித்தான் தொடங்கினார், முடிவு வேறு மாதிரி வந்தது. மரத்தில் விட்ட கிருமி ஈரத்தோடு உள்ளே உறிஞ்சப்பட்டு, மேலே மறுபடி பெருகவில்லை. அதற்காகக் கழுவாமல் விடலாம் என்று அர்த்தமில்லை. கோழி வெட்டினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, நிமிர்த்திக் காய வைக்க வேண்டும். படுக்க வைத்தால் அடிப்பக்கம் ஈரம் நின்று வளையும்.

ஹார்ட் மேப்பிளை வெட்டுப்பலகைக்கு எடுப்பதற்குக் காரணம் மூன்று: நுண்துளை, வாசனையோ சுவையோ உணவில் இறங்காது, கத்திக்கு ஓரளவு இதம். கசாப்புக் கட்டையில் மரத்தைத் தலைமாட்டுப் பக்கம் மேலே வரும்படி நிறுத்தி ஒட்டுவார்கள். கத்தி நாருக்கு நடுவில் போய்விட்டு வரும், துடைப்பத்தில் கத்தி வைத்த மாதிரி. நார் வெட்டுப்படாமல் ஒதுங்கி, மறுபடி மூடிக்கொள்ளும்.


ஓடாவி_மகன் | மார்க்கம்

மரக்கறி, வேலை தொடங்குமுன் ஒரு சோதனை. கடையில் சாஃப்ட் மேப்பிளையும் மேப்பிள் என்றே விற்பார்கள், பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் சாஃப்டில் ஒரு வகையான சிவப்பு மேப்பிளின் ஜாங்கா 950தான். தோட்டக் கடையில் இரும்பு சல்பேட் கிடைக்கும். தண்ணீரில் கொஞ்சம் கரைத்து வெள்ளைப் பகுதியில் ஒரு சொட்டு வையுங்கள். சாஃப்ட் என்றால் நீலக் கறுப்பாகும். ஹார்ட் என்றால் இலேசான பச்சைதான் வரும்.

இன்னொரு சொட்டு மசி. இதில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரிவது கஷ்டம், துளை அவ்வளவு சின்னது. மசிப்பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் மசி நாரோடு வழிந்து கோடாகும். அதுதான் உண்மையான ஓட்டம். பேஸ்பால் மட்டைக்கு இதையேதான் செய்கிறார்கள். 2001இல் அமெரிக்க ஆட்டக்காரர் பாரி பாண்ட்ஸ் மேப்பிள் மட்டையால் 73 ஹோம் ரன் அடித்த பிறகு எல்லாரும் ஆஷ் மரத்தை விட்டு மேப்பிளுக்கு ஓடினார்கள். ஆஷ் உரிந்து உரிந்து உடையும். மேப்பிள் உடைந்தால் ஈட்டி மாதிரிப் பெருந்துண்டாகப் பறக்கும். அதனால் கைப்பிடியில் மசிப்புள்ளி வைத்து, நார் 3 பாகைக்கு மேல் சாயக் கூடாது என்று விதி வந்தது. ஊஞ்சலுக்கோ கைப்பிடிக்கோ மரம் எடுக்கும்போது நானும் இப்படித்தான் பார்ப்பேன்.


கிச்சனர்_வாசி | கிச்சனர்

சாயம் பூசுகிற எண்ணமிருந்தால் அதையும் கைவிடுங்கள். மேப்பிளில் சாதாரண மரச்சாயம் திட்டுத்திட்டாக நிற்கும், தேமல் மாதிரி. கட்டாயம் வேண்டுமென்றால் முதலில் நீர்த்த ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) ஒரு கை, பிறகு ஜெல் சாயம். வால்நட் நிறம் வேண்டுமென்றால் வால்நட்டே வாங்கலாமே, எதற்கு இவ்வளவு பாடு? வெள்ளை வெள்ளையாகவே நிற்க வேண்டுமென்றால் தண்ணீர்வகைப் பாலியூரித்தேன். எண்ணெய்வகை மஞ்சளடிக்கும். எதைப் பூசினாலும் நாளாக ஆக மரம் தானே கொஞ்சம் பொன்னிறமாகும்.

ரூட்டர் (விளிம்பு செதுக்கும் மெஷின்) ஓட்டும்போது நடுவில் நிறுத்தாதீர்கள். ஒரு விநாடி தயங்கினாலும் கருகும். அந்தக் கரி கடைசி உப்புத்தாள் வரை போகாது. கூரான பிட், கடைசிச் சுற்றில் காகிதக் கனம் மட்டும் சீவுங்கள்.


சுருதிப்பெட்டி | சென்னை

மேப்பிள் சிரப் எடுக்கிற மரம் வேறா?


பட்டறைப்பையன் | ஒட்டாவா

இதே மரம்தான். ஆங்கிலத்தில் சுகர் மேப்பிள் என்பார்கள். இரவில் உறைந்து பகலில் உருகும் அந்த மார்ச் வாரங்களில் சாறு ஓடும். சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம், அதனால் 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. ஆனால் சாறு எடுத்த மரத்தின் அடித்துண்டை அறுவை ஆலைக்காரர்கள் விரும்பமாட்டார்கள். துளை போட்ட இடத்திலிருந்து மேலும் கீழும் கறை ஓடியிருக்கும், பழைய இரும்புக் குழாய் உள்ளே மாட்டியிருந்தால் வாள் போச்சு.

வெள்ளை மரம் வேண்டுமென்றால் குளிர்காலத்தில் வெட்ட வேண்டும் என்பதும் இதையொட்டியதே. கோடையில் வெட்டிய கட்டையைச் சில வாரம் கிடப்பில் போட்டால் சாறு சாம்பல் நிறக் கறையாக மாறிவிடும், இழைத்தாலும் போகாது.


மரக்கறி | ஸ்கார்பரோ | ஏழு வாரம் கழித்து

தாமதத்துக்கு மன்னிக்கவும். மரம் காய்ந்ததைவிட நான் துணிந்ததுதான் தாமதம்.

இரும்பு சல்பேட்: இளம்பச்சை. ஹார்ட் மேப்பிள்தான். மாமா பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பனையைப் பற்றி ஓடாவி_மகன் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "அது பனை" என்றார், அவ்வளவுதான்.

மேசைத்தட்டு முடிந்தது. கீழே நீள்துளை போட்டு விட்டிருக்கிறேன். ஒரு மூலையில் ரூட்டரை நிறுத்தி ஒரு கருகல் வாங்கினேன், அதன்மேல் மிக்சியை வைத்துவிட்டோம். வெட்டுப்பலகைக்கு மினரல் ஆயில். நல்லெண்ணெய் பூசலாமா என்று மாமி கேட்டார். நாளானால் சிக்குவாடை வரும் என்று தடுத்தேன்.

இழைக்கும் வேலை முழுக்க மாமாவுடையது. என் மெஷினில் பறவைக்கண் சுழி இருந்த இடமெல்லாம் கொத்துக்கொத்தாகப் பெயர்ந்தது. மாமா தன் பழைய சீவுளியை ஒரு மணிநேரம் தீட்டி, வாயை மயிரிழை அளவுக்குக் குறுக்கி, சாய்த்துப் பிடித்துத் தள்ளினார். சீவல் சல்லாத்துணி மாதிரி வந்தது. உப்புத்தாளே தேவைப்படவில்லை. இழைத்த முகத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஊஞ்சல் வெள்ளை ஓக்கில் வருகிறது. மீந்த மேப்பிள் துண்டை யாரும் கேட்காமலே அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மாமிக்கு ஒரு துருவலைக் கட்டை. இரும்பு அலகும் தேங்காய் ஈரமும் சேர்ந்து மரம் கறுக்காதா என்று கேட்டேன். "ஓக் எண்டா கறுக்கும், கறள் பிடிக்கிற சாதி. இதில உன்ர சொட்டு மருந்துக்கே கறுக்கேல்லயே" என்றார்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். குந்துவதற்கு அவர் போட்டிருக்கும் பலகையில் நடுவில் கபிலக் கோடு ஒன்று ஓடுகிறது. நான் வாங்கிய ஆறு பலகையிலும் அது கிடையாது. தனியாகப் போய் அந்த மலிவுப் பலகையை வாங்கி வந்திருக்கிறார் போலிருக்கிறது. கேட்கலாமா, விட்டுவிடலாமா?


கொத்தனார்_இல்லை | மிசிசாகா

விட்டுவிடும்.